கர்த்தருக்குக் காத்திருப்பது என்றால் என்ன செய்வது?

"பொறுங்க, கர்த்தருடைய வேளை வரும்." சபைக்குப் போகிறவர்கள் ஒரு முறையாவது கேட்டிருக்கும் வார்த்தை. வேலை கிடைக்காத பையனுக்கும் இதுதான், வரன் அமையாத பெண்ணுக்கும் இதுதான், கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லாதவர்களுக்கும் இதுதான். சொன்னவர் தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். கேட்டவர் வாசலிலேயே நிற்பார்: சரி, அந்த வேளை வரும்வரைக்கும் நான் என்ன பண்ணுவது?

யாரும் தெளிவாகச் சொல்லாததால் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். சும்மா இருப்பதுதான் விசுவாசம் என்று நினைத்து, விண்ணப்பம் போடுவதையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மனதுக்குள் ஒரு தேதியைக் குறித்துவைத்து, அது தாண்டியதும் ஆண்டவர் கைவிட்டுவிட்டார் என்று ஒடிந்துபோகிறவர்கள் உண்டு. உள்ளே அழுகையும் ஆத்திரமுமாக இருக்க, வெளியே "ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்" என்று சிரிக்கிறவர்களுக்கும் குறைவில்லை. வேதாகமம் காத்திருப்பு என்று சொல்வது இந்த மூன்றையும் அல்ல.

## பஸ் ஸ்டாப்பும் வயலும்

பஸ் ஸ்டாப்பில் நிற்பவருக்கு வேலை எதுவும் கிடையாது. பஸ் வரும் திசையைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார். பஸ் வந்தால் அந்த நேரத்துக்கு அர்த்தம் உண்டு, வராவிட்டால் அது வீண்.

வயலில் காத்திருப்பவர் கதை வேறு. சம்பாவுக்கு நாற்று விட்டவர் நான்கைந்து மாதம் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நாட்களில் நாற்றுப் பறிப்பு, நடவு, களை, உரம், மடை திறப்பு, மடை அடைப்பு என்று ஓயாத வேலை. மழையை வரவழைப்பதும் கதிரை வெளியே இழுப்பதும் மட்டும் அவர் கையில் இல்லை.

யாக்கோபு தன் நிருபத்தில் (5:7) காத்திருப்புக்கு உதாரணமாக எடுத்துக்கொள்வது பயிரிடுகிறவனைத்தான். அவன் "முன்மாரியும் பின்மாரியும்" வருமளவும் பொறுமையாய் இருக்கிறான் என்கிறார். இஸ்ரவேல் நாட்டில் முன்மாரி அக்டோபர், நவம்பரில் பெய்வது. கோடையில் இறுகிப்போன மண் அதில்தான் இளகும், உழவும் விதைப்பும் நடக்கும். பின்மாரி மார்ச், ஏப்ரலில், கதிர் மணி பிடிக்கிற சமயத்தில். முன்மாரி விழுந்தும் உழாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவனுக்குப் பின்மாரி பெய்து என்ன பிரயோஜனம்? மழை ஆண்டவருடையது, கலப்பை அவனுடையது.

மூலமொழிச் சொல்லையும் பார்த்துவிடலாம். "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து" என்ற ஏசாயா 40:31-ல் வரும் எபிரெயச் சொல் 'கவா'. எதிர்நோக்கி, நம்பி இருப்பது என்று பொருள். அதோடு தொடர்புள்ள பெயர்ச்சொல் 'திக்வா'. அதற்கு நம்பிக்கை என்றும் பொருள், கயிறு என்றும் பொருள். எரிகோவில் ராகாப் ஜன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றைக் குறிக்கவும் அந்தச் சொல்தான் வருகிறது. ஒரு முனை நம் கையில், மறு முனை எங்கோ கட்டப்பட்டிருக்கிறது, நடுவில் இழுவிசை. காத்திருக்கிறவர்களுக்கு அந்த இழுவை தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதே வசனத்தின் வரிசையையும் கவனியுங்கள். முதலில் கழுகைப்போல எழும்புவது, பிறகு ஓடுவது, கடைசியில் நடப்பது. கழுகுப் படத்தை மட்டும் சுவரில் மாட்டிக்கொள்கிறோம். பெரும்பாலான நாட்களுக்கு வேண்டியது சோர்ந்துபோகாமல் நடக்கிற அந்தக் கடைசிப் பெலன்தான்.

இதுவரை பார்த்தது: காத்திருப்பு என்பது நேரத்தைப் போக்குவது அல்ல. நம் பங்கு வேலையைச் செய்துகொண்டே, நம் கையில் இல்லாத பங்குக்கு ஆண்டவரை நோக்கியிருப்பது.

## சொன்னவர், சொன்னது, நாமாகச் சேர்த்தது

இங்கே இரண்டு சொற்கள் வேண்டும். விசுவாசம் என்றால் ஒருவர்மேல் வைக்கும் நம்பிக்கை. வாக்குத்தத்தம் என்றால் ஆண்டவர் தாமாகக் கொடுத்த வாக்கு. இரண்டும் எப்படி இணைகின்றன என்பதில்தான் குழப்பமெல்லாம்.

துபாயில் இருக்கும் அண்ணன், "தங்கச்சி கல்யாணத்தை நான் பார்த்துக்கறேன்" என்று போனில் சொல்கிறான். வீட்டில் பேசப் பேச அது "ஆவணி மாசம் பத்து பவுனோடு வர்றான்" என்று ஆகிவிடுகிறது. ஆவணி வருகிறது, அண்ணன் வரவில்லை. அவன் பொய் சொன்னானா? ஆவணி என்றும் அவன் சொல்லவில்லை, பத்து பவுன் என்றும் சொல்லவில்லை. வீட்டில் ஒட்டவைத்தது அது.

இதில் மூன்று அடுக்கு இருக்கிறது: சொன்னவர், அவர் சொன்னது, நாமாகச் சேர்த்துக்கொண்ட தேதியும் முறையும். விசுவாசம் முதல் அடுக்கில் கட்டப்பட வேண்டிய கயிறு. அதை மூன்றாம் அடுக்கில் கட்டிவிட்டால், தேதி தாண்டும்போது கயிறு அறுந்து, சொன்னவர்மேல் இருந்த நம்பிக்கையும் சேர்ந்து விழுகிறது. "விசுவாசம் போயிடுச்சு" என்று சொல்கிற பலருக்கு உண்மையில் போனது அந்தத் தேதிதான்.

இந்த அடுக்குகள் எளிதாகக் கலந்துபோகிற இடம், நம் சபைகளில் புத்தாண்டு ஆராதனை. டிசம்பர் 31 நள்ளிரவு தாண்டியதும் தட்டிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். நல்ல பழக்கம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அட்டையில் ஒரு வசனம்தான் இருக்கும். அது யாருக்கு, எப்போது, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்பதற்கு அதில் இடம் இருக்காது. அப்படி அடிக்கடி எடுக்கப்படும் ஒரு வசனத்தை அதன் சொந்த இடத்தில் வைத்துப் பார்ப்போம்.

## எரேமியா அனுப்பிய கடிதம்

வசனம் எரேமியா 29:11. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று வருவது. இது ஒரு கடிதத்தின் நடுவில் உள்ள வரி.

கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ராஜாவையும் பிரபுக்களையும் கைத்தொழிலாளர்களையும் சிறைபிடித்துக் கொண்டுபோனான். போனவர்களுக்கு ஒரே கேள்வி: எப்போது திரும்புவோம்? அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் பதில் சொன்னான்: இரண்டு வருஷம். எரேமியா அடையாளமாகக் கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தைக் கழற்றி உடைத்தும் காட்டினான். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்!

எரேமியா சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு எழுதிய கடிதம் இனிக்கவில்லை. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள். தோட்டங்களை நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள். கல்யாணம் செய்யுங்கள், பிள்ளைகளுக்கும் செய்து வையுங்கள். நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக ஜெபம் பண்ணுங்கள். அந்தப் பட்டணம் பாபிலோன், அவர்களைச் சிறைபிடித்த ஊர். அதற்குப் பிறகு காலக்கணக்கு வருகிறது: 70 வருஷம். அதற்கும் அடுத்துத்தான் நாம் அட்டையில் எடுக்கும் வசனம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடிதத்தைக் கையில் வாங்கிய 30 வயதுக்காரருக்கு 70 வருஷம் கழித்து வயது 100. அவர் ஊர் திரும்பப்போவதில்லை. அவர் நட்ட மரத்தின் கனியைச் சாப்பிட்டு, அவர் கட்டிய வீட்டில் வளர்ந்த பேரனோ பேத்தியோ திரும்பலாம். பெர்சிய ராஜா கோரேசு யூதர்கள் ஊர் திரும்பலாம் என்று கட்டளையிட்டது கி.மு. 538-ல்.

மொழியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தமிழில் "நீங்கள்" என்றால் பலரையும் குறிக்கும், மரியாதைக்கு ஒருவரையும் குறிக்கும். அதனால் "உங்கள்பேரில்" என்று வாசிக்கும்போது நம் ஒருவரிடம் பேசுவது போலவே கேட்கிறது. ஆனால் தமிழ் வேதாகமத்தில் ஆண்டவர் ஆபிரகாமிடமோ மோசேயிடமோ தனியாகப் பேசும்போது "நீ" என்பார். இங்கே "நீங்கள்" என்பது ஒரு கூட்டத்தை. எபிரெயத்திலும் பன்மைதான்.

அப்படியானால் இந்த வசனத்தை நாம் பிடித்துக்கொள்ளக் கூடாதா? தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம், முதல் அடுக்கில். தண்டனைக் காலத்திலும் தம் ஜனத்தைப் பற்றி நன்மையே நினைக்கிறவர் நம் ஆண்டவர் என்பதற்கு இது சாட்சி. "இந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு" என்பதற்கு இது சாட்சி அல்ல. சாராளுக்குப் பிள்ளை பிறக்கும் என்று ஆபிரகாமிடம் சொன்ன "ஒரு உற்பவகாலத்திட்டத்தில்" என்ற வாக்கை எடுத்து, பிள்ளை இல்லாத தம்பதிகள் தலைமேல் கை வைத்து "அடுத்த வருஷம் இந்நேரம் கையில் குழந்தை" என்று சொல்கிறவர்கள் செய்வது அனனியாவின் வேலை. சொல்கிறவருக்கு அன்றைக்கு ஆமென் கிடைக்கும். வருஷக் கடைசியில் வெறும் கையோடு, குற்ற உணர்ச்சியோடு சபைக்கு வர வேண்டியவள் அந்தப் பெண்.

சுருக்கமாக: வாக்குத்தத்தத்தை அது யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்று பார்த்து வாசியுங்கள். அதில் தெரிகிற ஆண்டவரின் குணத்தை இறுகப் பிடியுங்கள். தேதியைத் தளர்வாகப் பிடியுங்கள்.

## எங்கே கெடுகிறது?

உறை ஊற்றிய பாலை அரை மணிக்கொரு தரம் கிண்டிப் பார்த்தால் தயிர் கெட்டியாக உறையாது, நீர்த்துப்போகும். கவலைதான் கிண்ட வைக்கிறது, கிண்டுவதால்தான் கெடுகிறது.

சவுல் ராஜாவின் கதை இதுதான் (1 சாமுவேல் 13). கில்காலில் ஏழு நாள் காத்திருக்கும்படி தீர்க்கதரிசி சாமுவேல் சொல்லியிருந்தார். எதிரே மிக்மாசில் பெலிஸ்தர் படை. ஜனங்கள் சிதறி ஓடுகிறார்கள், கடைசியில் மிஞ்சியது ஏறக்குறைய 600 பேர். ஏழாம் நாளும் சாமுவேலைக் காணோம். சவுல் தானே தகனபலியைச் செலுத்திவிட்டான். அவன் அதை முடித்த அந்த நேரத்தில் சாமுவேல் வந்து நிற்கிறார். அவனுக்கு அவகாசம் போதாமல் இல்லை. பயம் ஏறிய நேரத்தில், தனக்குக் கொடுக்கப்படாத வேலையில் கை வைத்தான்.

ஆபிராமும் சாராயும் (ஆபிரகாம், சாராள் என்பவர்களின் முந்தைய பெயர்கள்) கெடுத்தது வேறு விதம். ஆரானை விட்டுப் புறப்பட்டபோது ஆபிராமுக்கு 75 வயது. கானானில் 10 வருஷம் கழிந்தும் பிள்ளை இல்லை. வேலைக்காரி ஆகார் மூலம் பிள்ளை பெறுவது அந்தக் காலத்து வழக்கம், சட்ட விரோதமும் அல்ல. 86 வயதில் இஸ்மவேல் பிறந்தான், 100 வயதில் ஈசாக்கு. நடுவில் 14 வருஷம் அந்த வீட்டில் நடந்த சண்டைக்கு விலை கொடுத்தவள், தன் சம்மதம் கேட்கப்படாத ஆகார். நம் அவசரத்தின் கூலியைப் பெரும்பாலும் நம்மைவிட எளியவர்களே கொடுக்கிறார்கள்.

அதற்காக, வழி தேடுவதே அவிசுவாசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. யோசேப்பு 17 வயதில் விற்கப்பட்டு, 30 வயதில் பார்வோன் முன் நின்றவன். நடுவில் சிறையில், பானபாத்திரக்காரனிடம் "என்னைப் பற்றி பார்வோனிடம் சொல்லுங்கள்" என்று சிபாரிசு கேட்டான். அவன் மறந்தே போனான், இன்னும் இரண்டு வருஷம் ஓடியது. கேட்டதற்காக யோசேப்பை வேதம் எங்கும் குறை சொல்லவில்லை. தாவீது ராஜாவாக அபிஷேகம் பெற்ற பிறகும் சவுலுக்குப் பயந்து ஓடி ஒளிந்தான், ஆட்களைச் சேர்த்தான், வயதான பெற்றோரைப் பத்திரமாக மோவாப் ராஜாவிடம் விட்டுவந்தான். என்கேதி குகையில் சவுல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது மட்டும் அவனைக் கொல்ல மறுத்தான். கோடு அங்கேதான் இருக்கிறது. நேர்மையான வழியைத் தேடுவது உழவு. விலக்கப்பட்டதைச் செய்வதும் இன்னொருவரை மிதித்து ஏறுவதும் தயிரைக் கிண்டுவது.

## புலம்பினால் பாவமா?

இல்லை. சங்கீத புஸ்தகத்தில் புலம்பல் சங்கீதங்களே மிகுதி. புலம்பல் சங்கீதம் என்றால் வேதனையை ஆண்டவரிடமே முறையிடும் ஜெபம். முறுமுறுப்பு ஆண்டவரைப் பற்றி வெளியே பேசுவது, புலம்பல் ஆண்டவரிடம் நேரே பேசுவது.

13-ம் சங்கீதம் ஆறே வசனம், பழகுவதற்குச் சரியான அளவு. முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான் தாவீது. "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றே கேட்கிறான், மெருகு போடவில்லை. அடுத்த இரண்டு வசனங்கள் விண்ணப்பம்: நோக்கிப் பாரும், செவிகொடும். கடைசி இரண்டும் நம்பிக்கை: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் நிலைமை மாறியதாக ஒரு வார்த்தையும் இல்லை.

இதே வரிசையில் சொந்தமாக எழுதிப் பாருங்கள். முதலில் கேள்வி: "ஆண்டவரே, நாலு வருஷமா இந்தப் பரீட்சை எழுதுறேன், எதுவரைக்கும்?" பிறகு தெளிவான ஒரு விண்ணப்பம், பத்து வேண்டாம், ஒன்று. கடைசியில் அவரைப் பற்றி உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு விஷயம். கடைசி வரி வராத நாளும் உண்டு. அன்றைக்கு அதை விட்டுவிடலாம். 88-ம் சங்கீதத்தில் கடைசி வரிவரைக்கும் விடிவே இல்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

## நடைமுறையில்

ஒரு நோட்டில் பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்தியில், வேதத்தில் ஆண்டவர் எல்லா விசுவாசிகளுக்கும் வெளிப்படையாகச் சொன்னவை: கூட இருப்பார், ஞானம் கேட்டால் தருவார், பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பார். இரண்டாவதில், நீங்கள் விரும்பிக் கேட்பது: இந்த வேலை, இந்த வரன், இந்தச் சுகம். கேட்பதில் தப்பே இல்லை, விருப்பம் என்று பெயரெழுதி வைத்தால் போதும். மூன்றாவதில், இந்த வாரம் உங்கள் கையில் இருக்கும் வேலை: இரண்டு விண்ணப்பம், டாக்டரிடம் ஒரு தடவை, மொழி வகுப்பு. மாதம் ஒரு முறை எடுத்துப் பார்த்தால், இரண்டாம் பத்தியிலிருந்து எது திருட்டுத்தனமாக முதல் பத்திக்கு நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஏதாவது ஒன்று நகர்ந்திருக்கும்.

இரண்டு இடங்களில் "காத்திரு" என்ற ஆலோசனையே தவறு. சுகத்துக்காக ஜெபிப்பவர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, மனநோய் மருந்துகளைத் தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். அடி வாங்குகிற பெண்ணிடம் "ஆண்டவர் மாற்றுவார், பொறுத்துக்கோம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் அப்படித்தான். தன்மேல் ஈட்டி எறிந்த சவுலின் அரமனையில் தாவீது உட்கார்ந்து காத்திருக்கவில்லை, ஓடினான்.

காத்திருக்கும் ஒருவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: தேதி சொல்லாதீர்கள், காரணம் கண்டுபிடிக்காதீர்கள். "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்காதீர்கள். சாப்பாடு கொண்டுபோங்கள், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள்.

## கேட்டது கிடைக்கவே இல்லையென்றால்?

சில ஜெபங்களுக்குக் கிடைப்பது வேறு பதில். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வார்த்தை வந்தது. எபிரெயர் 11 விசுவாச வீரர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, 13-ம் வசனத்தில் அவர்கள் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே கண்டு, விசுவாசத்தோடே மரித்தார்கள் என்கிறது. கிறிஸ்தவன் கடைசியாகக் காத்திருப்பது வேலைக்கோ வரனுக்கோ அல்ல, கிறிஸ்துவின் வருகைக்கும் உயிர்த்தெழுதலுக்கும். கிறிஸ்மஸுக்கு முன் நான்கு ஞாயிறுகளைத் திருவருகைக் காலமாக அனுசரிக்கும் சபைகள் வருஷாவருஷம் பழகுவது அந்தக் காத்திருப்பைத்தான்.

எரேமியாவிடமே திரும்புவோம். அவர் கடிதம் எழுதிச் சில வருஷம் கழித்து, பாபிலோன் படை மறுபடியும் எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. அவர் காவல்வீட்டு முற்றத்தில் கைதி. பெரியப்பன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரிப் படை சூழ்ந்திருக்கும் நாட்டில், விலைபோகாத நிலம். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். பத்திரம் இரண்டு பிரதி, ஒன்று முத்திரை போட்டது, ஒன்று திறந்தது. இரண்டும் அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்லி, எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார். 70 வருஷம் என்று சொன்னவரே அவர்தான். பிறகு அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நிலத்தில் அவர் உழுததாக வேதத்தில் எங்கும் இல்லை.